மோசஸின் பாலமும் புது சிஸ்டமும்

போன வாரம் நம் சர்வீஸ் சென்டரில் எனக்கு வழியனுப்பு விழா வைத்தீர்கள். சால்வை போட்டீர்கள், கேக் வெட்டினீர்கள், என் கோபத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிச் சிரித்தீர்கள். எல்லாம் நல்லது. ஆனால் உங்களில் ஒருவர், பெயரைச் சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவருக்கே உறைக்கும், "பழைய கேமைப் புது சிஸ்டத்துல போடறதுல இன்னா மேடம் இருக்கு? ஓடுதா, ஓடலியா, அவ்ளோதானே" என்றார். வாயில் கேக் இருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியும் எனக்கு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

இப்போது உங்களிடம் நாற்பது வயதுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். பள்ளிக்கூட நாளில் பிரவுசிங் சென்டரில் விளையாடிய கேம் மறுபடி வேண்டும் என்கிறார்கள். நாமே உள்ளே நடப்பது போலத் திரை நகரும், நம் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும், இருட்டுச் சந்துகளில் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அந்த வகைக் கேம்கள். நீங்கள் ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டு, படம் வந்ததும் பில்லை நீட்டிவிடுகிறீர்கள். வந்தவர் ஐந்து நிமிடம் விளையாடிவிட்டு, "ஏதோ மாதிரி இருக்கே" என்று முனகினால், வயசாகிவிட்டது சார் என்று கிண்டல் வேறு. யார் கொடுத்தது உங்களுக்கு அந்த உரிமை?

மீஞ்சூரில் ஒரு ரயில்வே ஊழியர் இருந்தார். குழாய் மானிட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தட்டை மானிட்டர் வாங்கினார். வாங்கிய வாரமே என்னைக் கூப்பிட்டு, அதே கேம்தான், ஆனால் பயமே வரவில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். பழைய மானிட்டரில் கன்னங்கரேல் என்று இருந்த மூலைகள் எல்லாம் இதில் சாம்பல் நிறமாக வெளுத்துக் கிடந்தன. ஒளிந்திருக்கிற பேய் நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது, அப்புறம் எங்கிருந்து பயம் வரும்? அவர் சொன்னது அட்சர சுத்தமாக உண்மை. அவருக்கு அதில் போனது ஒரு பொழுதுபோக்கு மட்டும்தான். அடுத்து நான் சொல்லப்போகிறவருக்குப் போக இருந்தது பிழைப்பு.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. மீஞ்சூரிலிருந்து மொபெட்டில் கிளம்பி பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். போகிற கம்பெனியில் எல்லாம், "ஆம்பள ஆளு யாரும் வரலியாம்மா?" என்பார்கள். பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்த பிறகுதான் நாற்காலி போடுவார்கள். அந்த எரிச்சல் ஒரு தனிக் கதை, அதை விடுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் ஷாகுல் பாய் ஒரு கேம் சென்டர் நடத்தினார். பழவேற்காட்டில் கருவாடு, மளிகை என்று வியாபாரம் பார்த்த குடும்பம். இவர் ஒருத்தர்தான் கம்ப்யூட்டரில் இறங்கியவர். முதன்முதலில் வாங்கிய சிஸ்டத்தின் நெற்றியில், பிஸ்மில்லாவுக்காக 786 என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, தன் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். ஷிப்ட் முடிந்த தொழிலாளிகள் சட்டையில் இரும்புத் தூசியோடு வந்து உட்கார்ந்து, ஒருத்தரை ஒருத்தர் சுட்டுத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சிஸ்டங்களை நான்தான் பார்த்துக்கொண்டேன்.

அந்த 786 சிஸ்டத்தில் தினமும் வந்து உட்காருகிறவர் மோசஸ். முப்பது வயதிருக்கும். பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடுகிற ஒரு மில்லில் வேலை. அங்கே ஒரு நாள் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் அடியோடு போய்விட்டன. தொழிலாளியின் கவனக்குறைவு என்று மில்லில் எழுதிக்கொண்டார்கள். மிஷினுக்கு மூடி இல்லாததை யாரும் எழுதவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கை ஆறியதும், கேட்டில் வாட்ச்மேனாக உட்கார் என்றார்கள். அதுவும் கான்ட்ராக்டில். மோசஸ் ஒத்துக்கொள்ளவில்லை. உலைக்கு மேலே ஓடும் க்ரேனில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதைக் கேட்டார். ஆபீசில் சிரித்தார்கள். க்ரேன் ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை. ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், பாதி தெலுங்கு, பாதி தமிழ். உன் கை சொன்ன பேச்சு கேட்டால் பார்க்கலாம், ஒரு மாசம் கழித்து டிரையல் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். டிரையலில் தோற்றால் கேட் வாட்ச்மேன் வேலை, இல்லாவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு வீடு. இதுதான் மோசஸுக்கு இருந்த வழி.

பழகுவதற்கு க்ரேன் கிடைக்குமா? மூன்று ஷிப்டும் ஓடுகிற க்ரேனை யார் தருவார்கள்? அதனால்தான் பாய் கடைக்கு வந்தார். முதல் நாளே என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"க்ரேன்ல ரெண்டு லீவர் இருக்குக்கா. வலது கை லீவரை லேசா தட்டித் தட்டி உடணும். புடிச்சு இழுத்தா கொக்கில தொங்கற இரும்பு பக்கெட்டு ஊஞ்சலாட்டம் ஆடும், கீழ நம்ம ஆளுங்க நிக்கறானுங்க. கட்ட வெரலும் சுண்டு வெரலும் தட்டக் கத்துக்கினா போதும் எனக்கு."

அவருக்காக, நான் முன்னே சொன்ன வகையில் ஒரு பழைய கேமில் விசைகளையெல்லாம் மாற்றி வைத்தேன். முன்னே போவது கட்டைவிரலுக்கு, பக்கவாட்டில் நகர்வது சுண்டு விரலுக்கு, மவுஸ் இடது கைக்கு. கீபோர்டில் அந்த விசைகளின் மேல் புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரியை வெட்டி ஒட்டினார், பார்க்காமலே விரலுக்குத் தெரிய வேண்டும் என்று. அந்தக் கேமில் ஒரு கட்டம் உண்டு. கீழே நெருப்புக் குழம்பு கொதிக்கும், மேலே ஒரு ஆள் அகலத்துக்கு இரும்புப் பாலம், நடுவில் இரண்டு திருப்பம். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் கீழே போக வேண்டியதுதான். மற்றவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுகிற அந்தக் கட்டத்தை மட்டும் மோசஸ் தினமும் விளையாடினார். ஊரே சுட்டுக்கினு கீது, இவன் ஒருத்தன் நடந்துக்கினே கீறான் என்று பாய் கிண்டலடிப்பார்.

விழுந்து விழுந்து எழுந்து, டிரையலுக்கு முந்தின வாரம் அந்தப் பாலத்தை விழாமல் கடந்து, திரும்பியும் வந்தார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள்.

இங்கேதான் நம் தொழிலின் அயோக்கியத்தனம் வருகிறது.

புதிதாக வந்த ஒரு ராணுவக் கேம் பழைய சிஸ்டத்தில் ஏறவில்லை என்று பையன்கள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். பாய் ஒரு டீலரிடம் பேசி, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொண்டார். வியாபாரிக்கு வியாபாரம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. டீலர் சென்னையிலிருந்து ஒரு என்ஜினியரை அனுப்பினார். அவர் ஒரே மத்தியானத்தில் பழைய சிஸ்டங்களைப் பிடுங்கி, கீபோர்டு ஒயரெல்லாம் அதன் மேலேயே சுற்றி, மினி லாரியில் ஏற்றி, பைபாஸ் பக்கம் இருக்கிற காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை நான் போகும்போது கடை பளபளவென்று இருக்கிறது. மோசஸ் வெளியே நிற்கிறார். திங்கட்கிழமை டிரையல்.

உள்ளே இருந்த அந்த என்ஜினியரிடம், எடுப்பதற்கு முன்னால் யாருடையது என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேம் சென்டர்ல என்ன மேடம் டேட்டா?"

இந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வங்கியாக இருந்தால் கேட்டிருப்பார். கம்பெனி ஆபீசாக இருந்தால் மேனேஜரிடம் கையெழுத்தே வாங்கியிருப்பார். இரும்புத் தூசியோடு வருகிறவன் விளையாடுகிற இடம்தானே, அங்கே காப்பாற்றுவதற்கு என்ன இருந்துவிடப்போகிறது? அந்த நினைப்புதான் அந்த வாக்கியம். உங்கள் வாயிலும் அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், வேறு வேறு சொல்லில்.

அந்தக் கேமின் சிடி என் பையில் இருந்தது. புது சிஸ்டத்தில் ஏற்றினேன். சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு அழகாக வந்தது. நெருப்புக் குழம்பு நெருப்பாகவே மின்னியது. விசைகளை எனக்கு ஞாபகம் இருந்தபடி மாற்றினேன், பிளாஸ்திரியும் ஒட்டினோம். மோசஸ் உட்கார்ந்தார். முதல் திருப்பத்திலேயே விழுந்தார். மறுபடி விழுந்தார். அதற்குப் பிறகு பாலத்தின் முனையைக் கூடத் தாண்டவில்லை. மூன்று விரல் இருந்த அந்தக் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார்.

"நான் அழுத்தறதுக்கு முன்னாடியே போயிடுதுக்கா. இது அது இல்ல."

"பயந்துட்டான், அதான்," என்றார் பாய். அந்த என்ஜினியர் சிரித்துக்கொண்டே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எடுத்துவிட்டார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். முந்தின வாரம் கைதட்டிய அதே ஆட்கள்.

இப்போது நீங்கள் அந்த இடத்தில் நில்லுங்கள். சிஸ்டம் ஓடுகிறது, கேம் ஓடுகிறது, படம் முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு ஆள், அதுவும் பயத்தில் இருக்கிற ஆள், சரியில்லை என்கிறான். என்ன என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பழகிக்கொள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பது எவ்வளவு சுலபம்!

நான் அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, கட்டைவிரலால் மட்டும் விசையைத் தட்டினேன். எவ்வளவு லேசாகத் தட்டினாலும் ஆள் இரண்டு எட்டு பாய்ந்து போனான். பழையதில் விசைகளை மாற்றி வைத்தபோது நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டுக்கு அரை எட்டுதான் நகரும். அந்தக் கேமை எழுதியவர்கள், சிஸ்டம் என்ன வேகமோ அதே வேகத்தில் ஆளும் நடக்கிற மாதிரி எழுதிவிட்டார்கள். இவ்வளவு வேகமான சிஸ்டம் வரும் என்று அவர்கள் கனவு கண்டிருக்க மாட்டார்கள். கூடம் நிஜமாகவே கோணல். ஆடியவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதை உரக்கவே சொன்னேன். சிரிப்பு நின்றது. என்ஜினியர், வேகத்தைக் குறைக்க ஒரு மென்பொருள் இருக்கிறது என்று தன் சிடியை நீட்டினார். போட்டுப் பார்த்தேன். ஆள் நின்று நின்று, திடீரென்று உதறிக்கொண்டு நடந்தான். அவர், "ஓடுதே மேடம், இதுல பழகட்டும், ரெண்டு நாள் இருக்கே," என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி அதை எடுத்துவிட்டேன். ஒரு மாதமாகக் கஷ்டப்பட்டு விரலில் ஏறியிருந்த அளவை அந்த இரண்டு நாள் பழக்கம் அழித்துவிடும். தப்பாகப் பழகுவதைவிடப் பழகாமலே க்ரேனில் ஏறுவது மேல். அன்றைக்கு நான் எடுத்த முடிவு அவ்வளவுதான். என் வேலைக்காலம் முழுக்க அதைவிடப் பெரிய முடிவு எதையும் எடுத்ததாக நினைவில்லை.

அப்படியானால் பழைய பெட்டியைத் தேட வேண்டும். ஒரு ஆளுக்காக இவ்ளோ பேஜாரு எதுக்கு மேடம் என்று பாய் அலுத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் காலையில் காயலான் கடைக்கு நானும் மோசஸும் போய்ச் சேர்ந்தபோது, அவர் எங்களுக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார்.

"அந்த 786 போட்ட பொட்டிய நான் குடுத்திருக்கக் கூடாதும்மா. ராவெல்லாம் அதே நெனப்பு," என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கம் காயலான் கடை என்றால் அதன் அடுத்த வாசல் இரும்பு மில்தான். பாதிப் பெட்டிகளை ஏற்கெனவே உடைத்து, உள்ளே இருந்த போர்டுகளைத் தனியாக, தகரத்தைத் தனியாகப் பிரித்திருந்தார்கள். தகரம் எல்லாம் எந்த மில்லுக்குப் போகிறது என்று மோசஸ் கேட்டார். கடைக்காரர் சொன்னது மோசஸின் மில் பெயரையே. அன்று மத்தியானமே லோடாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவர் பழகிய பெட்டி அவர் கேட்கிற க்ரேனிலேயே தொங்கி உலைக்குள் இறங்கியிருக்கும். மோசஸ் குவியலுக்குள் இறங்கித் தேட ஆரம்பித்தார்.

பாய்தான் அந்த ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தார். பெட்டியின் பக்கத் தகடு போயிருந்தது, மெமரியைப் பிடுங்கியிருந்தார்கள், ஆனால் ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருந்தது. பிளாஸ்திரி ஒட்டிய கீபோர்டும் ஒரு மூலையில் கிடைத்தது. எதுக்கும்மா இந்தக் குப்பை என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் பையில் இருந்த பழைய மெமரி ஒன்றைப் போட்டு, பாய் கடையில் ஸ்விட்சைத் தட்டினேன். வந்துவிட்டது. மோசஸ் வைத்த இடத்திலேயே அந்தப் பாலம் நின்றுகொண்டிருந்தது. உட்கார்ந்தார், இரண்டு தடவை விழுந்தார், மூன்றாவது தடவை போய்த் திரும்பி வந்தார். மறுநாள் சர்ச் முடிந்து நேராக வந்து சாயங்காலம் வரை அந்தப் பாலத்தில் நடந்தார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. பாய் மட்டும் அடிக்கடி டீ வாங்கி வந்து வைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நானும் அந்த மில்லில் இருந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரும் என் பொறுப்புதான், அன்றைக்கு வேண்டுமென்றே ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டு போனேன். ஜன்னல் வழியாக ஷெட் தெரியும். ஃபோர்மேன் க்ரேன் கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை மாட்டி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினார். க்ரேனில் புது ஆள் ஏறினால் அங்கே அப்படித்தான் பார்ப்பார்களாம். ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய், தரையில் போட்ட சாக்பீஸ் வட்டத்துக்குள் வைக்க வேண்டும். ஆபீஸ்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். என் பக்கத்தில் நின்ற ஒருத்தர், "அரைக் கையை வெச்சிக்கினு," என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

பக்கெட் கிளம்பியது. நின்றது. கொஞ்சம் நகர்ந்தது. மறுபடி கொஞ்சம். கேபினுக்குள் அவர் கை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தத் தட்டு எனக்குத் தெரியும், ஒரு தட்டுக்கு அரை எட்டு. உலைப் பக்கம் திரும்புகிற இடத்தில் மட்டும் தண்ணீர் ஒரு கை அளவு சிந்தியது. பிறகு பக்கெட் வட்டத்துக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

நான் ஆபீசிலிருந்து ஷெட்டுக்கு இறங்கிப் போனேன். மோசஸ் ஏணியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஃபோர்மேன் அவர் தோளைத் தட்டி, நாளையிலிருந்து காலை ஷிப்டுக்கு வா நைனா என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். மோசஸ் சிரிக்கக் கூட இல்லை. க்ரேனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த லீவரை மட்டும் என்னக் கேக்காம மாத்திடாதீங்க," என்றார்.

நல்ல சேதி கேட்ட மனுஷன் முதலில் கேட்டது இதைத்தான். அந்த வெள்ளிக்கிழமை பாய் கடையில் நம் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்த பயம் அது.

ஃபோர்மேனுக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கொக்கியிலிருந்து பக்கெட்டைக் கழற்றியபடியே, இதென்ன கேள்வி என்கிற மாதிரி சொன்னார்.

"ஓட்டறவன் நீ. உன்னக் கேக்காம எவன் நைனா கை வெப்பான்?"